அடைக்கோழியின் கூடையில் மூன்று கூடுகள்

முகமது இஸ்மாயிலுக்கு இருபத்திரண்டு வயது. ஆத்தூர்க்காரன். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்து லேபில் அட்டெண்டராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பஜாருக்குப் பின்னால், கதீஜாக்கா வீட்டை ஒட்டிய ஓட்டு அறையில் வாடகைக்கு இருந்தான். வேலை இன்னும் தற்காலிகம்தான். அது எண்பத்து நான்காம் வருடத்து டிசம்பர்.

லீவு விட்ட அன்று விலங்கியல் டீச்சர் சாந்தாமேரி, காப்பிச் செடியில் வெட்டிய ஆறு குச்சிகளை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து அவனிடம் கொடுத்தார். ஒவ்வொரு குச்சியிலும் காய்ந்த நுரை மாதிரி, கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. ஒரு கூட்டுக்குள் நூறு முட்டைக்குக் குறையாதாம்.

"இந்த லேப் ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு இஸ்மாயில். உங்க ரூமுக்கு எடுத்துட்டுப் போங்க, வெதுவெதுன்னு வெச்சுக்குங்க. ஏழாம் தேதி ஸ்கூல் தெறக்கறப்ப எட்டாம் வகுப்புப் புள்ளைங்க குஞ்சைப் பாக்கணும். பாத்துட்டாங்கன்னா உங்க வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே ஹெட்மாஸ்டருக்கு எழுதித் தரேன்."

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். ஆத்தூரில் மாமாவின் ஜவ்வரிசி மில் இருந்தது. மூட்டை தூக்க அங்கே எப்போதும் ஆள் தேவை.

அவன் அறை லேபைவிட மோசம். சிமெண்ட் தரையில் கால் வைத்தால் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறும். ஜன்னல் சந்து வழியாக மேகம் உள்ளே வந்து, கொடியில் காயும் சட்டையை மறுபடி நனைத்துவிட்டுப் போகும். இஸ்மாயில் ஓர் ஆரஞ்சுப் பெட்டியை வாங்கி, அதற்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, குச்சிகளைச் சுற்றிலும் நட்டு வைத்தான்.

கதீஜாக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, கோழிக்குஞ்சா?"

"பூச்சிங்க்கா. கும்பிடுபூச்சி. டீச்சரோடது."

"ஊட்டுல இருக்கற பூச்சி பத்தாதுன்னு லைட்டு போட்டு வேற வளக்கறியாக்கும். புள்ளைங்கள ஊருக்கு அனுப்பிட்டு, பூச்சிய உன் தலையில கட்டிட்டுப் போயிருச்சு உங்க டீச்சரு."

நாலாம் நாள் காலையில் போன கரண்ட் சாயந்திரம்தான் வந்தது. பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. விட்ட சூட்டையெல்லாம் ஒரேயடியாகப் பிடித்துவிட வேண்டும் என்று நூறு வாட் பல்பை மாட்டி, குச்சிகளையும் நெருக்கி வைத்தான். மறுநாள் காலையில் பல்பின் ஓரமாக இருந்த மூன்று கூடுகள் தீய்ந்த ரொட்டி மாதிரி சுருங்கிப் போயிருந்தன. ஒன்றை விரலால் தொட்டான். பொடிந்துவிட்டது.

அன்று அவன் சோறு தின்னவில்லை. மிச்சமிருந்த மூன்று குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு கதீஜாக்காவின் அடுப்படி வாசலில் வந்து நின்றான். பக்கத்து வீட்டுக் குப்பாயி அவரைக்காய் கொடுக்க வந்திருந்தாள். செம்மநத்தம் கிராமத்தில் விளைநிலம் வைத்திருக்கும் குடும்பம். விஷயத்தைக் கேட்டவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"முட்டைதானுங்க? எங்கூட்டுக் கோழி அடையிலதான் இருக்குது. கூடையில வெச்சா போச்சு."

"நல்லா சொன்ன போ. உன் கோழி தின்னுட்டு ஏப்பம் உடும்," என்றார் கதீஜாக்கா.

"டப்பாவுல போட்டு வெச்சா எப்படிங்க்கா திங்கும்? அது போன வருசம் வெறுங்கல்லு மேலயே நாலு நாளு உக்காந்திருந்த கோழிங்க. டப்பாவுக்கா வேண்டாங்கப் போவுது?"

இஸ்மாயில் ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்து, காற்றுப் போக ஆணியால் சுற்றிலும் ஓட்டை போட்டு, கூடுகளை உள்ளே கட்டித் தொங்கவிட்டான். குப்பாயி கோழியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க, வைக்கோலில் முட்டைகளுக்கு ஓரமாக அதைச் செருகினான். கோழி ஒரு தடவை முறைத்தது. அப்புறம் இறக்கையை விரித்து டப்பாவையும் சேர்த்து மூடிக்கொண்டது.

அதிலிருந்து காலையும் மத்தியானமும் குப்பாயி வீட்டுக்குப் போவதே அவன் வேலை. டப்பாவைத் தொட்டுப் பார்ப்பான். குளிர்ந்த உள்ளங்கைக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும். கூடு காய்ந்துவிடாமல் விரலால் தண்ணீர் தொட்டு வைப்பான். பிறகு கூடைக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பான்.

"ஏனுங்க தம்பி," என்றாள் குப்பாயி ஒருநாள். "நீங்க எங்க கோழிய பாக்கறது பொண்ணு பாக்க வந்த மாதிரியே இருக்குதுங்க. காப்பித்தண்ணி குடிக்கறீங்களா, இல்ல ஊருக்குப் போய் லெட்டர் போடறீங்களா?"

ஜனவரி மூன்றாம் தேதி மத்தியானம் அவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, கோழி உக்காந்த வாக்குலயே என்னத்தையோ கொத்திட்டே இருக்குதுங்க. வந்து பாருங்க."

ஓடினான். டப்பாவின் ஆணி ஓட்டைகள் வழியாக, வைக்கோல் நிறத்தில், கொசுவின் கால் போல மெலிசாகக் குஞ்சுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கோழி அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தது. காற்று போகும் ஓட்டையில் குஞ்சும் போகும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. கையை உள்ளே விட்டான். கோழி இரண்டு கொத்துக் கொத்தியது. டப்பாவை விடாமல் உருவி எடுத்தான்.

இரண்டு கூடுகள் பொரித்திருந்தன. மூன்றாவது அப்படியே இருந்தது. டப்பாவுக்குள் முப்பத்தெட்டுக் குஞ்சுகள்தான் மிச்சம்.

கதீஜாக்கா பஜாரில் இருக்கும் தன் கடையிலிருந்து ஒரு கண்ணாடி மிட்டாய் ஜாடியைக் காலி செய்து கொடுத்தார். வாயில் மல்துணி கட்டி அடுப்படி அலமாரியில் வைத்தார்கள்; பொரிக்காத கூட்டையும் பக்கத்திலேயே வைத்தார்கள். கனிந்து கறுத்த மலைவாழைப்பழம் ஒன்றை வைத்துச் சின்ன ஈக்களைப் பிடித்து உள்ளே விட்டான். அப்படியும் எண்ணிக்கை முப்பத்தைந்தானது, முப்பத்திரண்டானது.

"ஒண்ணையொண்ணு திங்குது கண்ணு," என்றார் கதீஜாக்கா ஜாடியை உற்றுப் பார்த்து. "கும்பிட்டுக்கிட்டேவா திங்கும்?"

"ஆமாங்க்கா."

"நொம்ப மரியாதைதான்."

ஏழாம் தேதி காலை எதிரில் வருகிற ஆள் தெரியாத மூடுபனி. ஜாடியை ஸ்வெட்டரில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினான். ஏரி வளைவில் நின்று விலக்கிப் பார்த்தான். குஞ்சுகள் எல்லாம் அடியில் கிடந்தன, கால்களை மடக்கிக்கொண்டு, அசைவில்லாமல். ஜாடியைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு ஒட்டி வைத்தான். கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு கால் மெல்ல நீண்டது.

பள்ளிக்கூடம் இன்னும் பத்து நிமிட நடை. போனால் ஒன்பது மணிக்கு, சொன்னபடி ஜாடி லேப் மேசையில் இருக்கும். மத்தியானத்துக்குள் அந்த மேசைக் குளிரில் எல்லாம் செத்திருக்கும். திரும்பிப் போனால் மேசை காலியாக இருக்கும். ஆறு கூட்டையும் தொலைத்துவிட்டு ஆள் வரவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜாடியைச் சட்டைக்குள் இன்னும் அழுத்திப் பிடித்தான். பிறகு வந்த வழியே நடந்தான்.

அடுப்போரத்தில் அரைமணி நேரத்துக்குப் பின் அவை ஒவ்வொன்றாக எழுந்தன. மூன்று எழவில்லை. ஒன்பதரைக்குக் கதீஜாக்கா கடைக்குப் போயாக வேண்டும். அதன் பிறகு தணல் பார்க்க ஆளில்லை. அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று இஸ்மாயில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினான். டீச்சரின் பஸ் பனியால் அடிவாரத்திலேயே நிற்பதாக வாட்ச்மேன் சொன்னார். ஒரு தாளைக் கிழித்து எழுதி, லேப் கதவில் ஒட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினான்.

"டீச்சருக்கு இஸ்மாயில் எழுதுவது. ஆறு கூட்டில் மூன்றை நான் பெரிய பல்பு போட்டுக் கருக்கிவிட்டேன். இரண்டு பொரித்தது. அதில் முக்கால்வாசிக்கு மேல் கோழி தின்றுவிட்டது, அதுவும் என் தப்புதான். இப்போது இருபத்தொன்பது குஞ்சு உயிரோடு இருக்கிறது. ஒரு கூடு இன்னும் பொரிக்கவில்லை. இங்கே கொண்டுவந்தால் குளிரில் செத்துவிடும். அதனால் நான் லீவு சொல்லாமல் பஜாருக்குப் பின்னால் கதீஜா அக்கா வீட்டு அடுப்படியில் இருக்கிறேன். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், டீச்சர் வந்தவுடன் எட்டாம் வகுப்பை அங்கே கூட்டிவரச் சொல்லவும்."