யார் முதலில் பேசுவது

விமானக் கட்டுப்பாட்டு அறையில் மச்சானும் நானும் அடுத்தடுத்த நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தோம். வானத்தில் கிழக்குப் பாதி அவருடையது, மேற்குப் பாதி என்னுடையது. நடுவே திரையில் ஒரு கோடு, மேசையில் இரு பாதிகளும் பேசிக்கொள்ள ஒரு தொலைபேசிப் பொத்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. என் மனைவியின் அண்ணன் அவர். பின்னால் நின்றுகொண்டு "வா, வா, இன்னும் வா" என்று அவர் சொல்லச் சொல்லத்தான் காரைப் பின்னுக்கு எடுத்தேன். அது அவர் வீட்டுச் சுவரில் போய் நின்றது. தினமும் நூற்றுக்கணக்கான விமானங்களை உரசாமல் அனுப்பிவைக்கிற இரண்டு பேர் சேர்ந்து ஒரு காரைச் சுவரில் ஏற்றியதைத் தெருவே பார்த்தது.

"நிறுத்துன்னு சொன்னேனே மாப்ள" என்றார். சொல்லவில்லை.

"எங்கண்ணன் பொய் சொல்வாரா?" என்றாள் மனைவி. அத்தோடு சரி.

இன்று என் சரக்கு விமானம் மழைமேகத்தைத் தவிர்க்கக் கொஞ்சம் ஒதுங்கிப் போக அனுமதி கேட்டது. கொடுத்தேன். விமானி தாராளமாகவே ஒதுங்கிக் கோட்டை நெருங்கிவிட்டார். அந்தப் பக்கம் அதே உயரத்தில் மச்சானின் பயணிகள் விமானம் எதிரே வந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும். மச்சானின் பார்வை அந்தப் புள்ளியில்தான் இருந்தது. பார்த்துவிட்டாரல்லவா, அவரே கேட்கட்டும் என்று இருந்தேன். அவரும் அதே கொள்கையில் இருந்தார்.

திரையில் இரண்டு புள்ளிகளும் சிவப்பாகித் துடித்தன.

"உடனே கீழே இறங்குங்கள்" என்றேன் என் விமானியிடம். அதே நொடியில் மச்சான் தன் விமானியிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டையும் கீழே அனுப்பியிருந்தோம்.

என் காதில் குரல் வந்தது. "விமானத்தில் உள்ள எச்சரிக்கைக் கருவி ஏறச் சொல்கிறது. ஏறுகிறோம்." அந்தக் கருவிகள் தங்களுக்குள் பேசி, ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் அனுப்பும். அவை பேசத் தொடங்கினால் நாங்கள் குறுக்கே பேசக் கூடாது. ஆனால் என் விமானத்தின் கருவி ஏறச் சொன்னது மச்சானுக்குத் தெரியாது. அவர் காதில் விழுந்தது நான் சொன்ன "இறங்குங்கள்" மட்டும்தான். தன் விமானத்தை ஏறச் சொல்ல அவர் வாய் திறந்தது.

அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒலிவாங்கிப் பொத்தானிலிருந்து இழுத்தேன்.

"சொல்லாதீங்க மச்சான். என்னுது ஏறுது. கருவி சொல்லுது."

"என்னுது?"

"இறங்கட்டும். விடுங்க."

அவர் மணிக்கட்டை நான் விடவில்லை. புள்ளிகள் ஒன்றாயின. உயரத்தைக் காட்டும் எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதுவும் படிக்க முடியவில்லை. வாயால் பிழைக்கிற இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு ரேடாரின் அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தோம். 

ஒரு புள்ளி இரண்டானது.

"ஆபத்து நீங்கியது. பழைய உயரத்துக்குத் திரும்புகிறோம்" என்றார் என் விமானி. சாலையில் ஒரு பள்ளத்தைத் தாண்டியவர்போலச் சொன்னார்.

கண்காணிப்பாளர் அம்மா எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். "ரெண்டு பேரும் எழுந்திரிங்க." எங்கள் இடத்தில் வேறு இருவர் உட்கார்ந்தார்கள்.

"உங்கள்ல யாரு அதை முதல்ல பார்த்தது?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். இரண்டு விமானங்களும் வந்த வழியின் மங்கிய புள்ளிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. பழையவை ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. வெட்டிய இடத்துப் புள்ளி மட்டும் இன்னும் இருந்தது.