வயர்லெஸ்ஸுக்கு ஒரு ஞானத்தகப்பன்

உப்பு வெளியின் ஓரத்து ஊரான வீலாக்கொல்லோவில் ஞானத்தகப்பன் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. ஞானஸ்நானத்துக்கு ஒருவர், கல்யாணக் கேக்குக்கு ஒருவர், பள்ளிக்கூடத்துக் கால்பந்துக்கு ஒருவர் என்று ஊரில் பாதிப் பேர் மீதிப் பேருக்கு ஞானத்தகப்பன்கள், அவர்கள் பேச்சில் பத்ரீனோக்கள். செலவு அவர்களுடையது, பெருமையும் அவர்களுடையது. அதனால் பசிலியாவின் ஜீப்புக்கு வயர்லெஸ் வாங்க வேண்டும் என்று வந்தபோது அதற்கும் ஒரு ஞானத்தகப்பன் முளைத்ததில் யாருக்கும் வியப்பில்லை. பெரியவர் தோன் கசியானோ தானாகவே முன்வந்தார். ஜீப்பு ஓட்டுநர் சங்கத்தின் தலைவரும் அவர்தான் என்பதால் வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஜீப்பை முன்பு ஓட்டியவன் பசிலியாவின் கணவன் எராஸ்மோ. கறுப்புக் கண்ணாடி போட்டால் ஆண்மைக்கு இழுக்கு என்று நினைத்த கூட்டத்தில் அவனும் ஒருவன். உப்பு வெளியின் வெள்ளை வெளிச்சம் வருஷக்கணக்கில் அவன் கண்ணைத் தின்றுவிட்டது. கையெட்டும் தூரத்தில் இருப்பது தெரியும், அதற்கு அப்பால் எல்லாம் பாலாகக் கலங்கும். ஜீப்பு கொட்டகையில் நின்றது. வண்டி நின்றால் சங்கத்தில் இடம் போகும், இடம் போனால் மழைக்காலத்துச் சுற்றுலாக் கூட்டம் போகும். பிறகு எராஸ்மோவின் தம்பியைப் போல எல்லை தாண்டி சிலி நாட்டுச் சுரங்கத்துக்குப் போக வேண்டியதுதான். பசிலியாவுக்கு அங்கே போக இஷ்டமில்லை. அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள், உரிமமும் வாங்கினாள். பாக்கி இருந்தது வயர்லெஸ் மட்டும்.

வயர்லெஸ் விஷயத்தில் சங்கம் கறார். மழை பெய்தால் உப்பு வெளி முழுக்கத் தண்ணீர் நிற்கும், வானம் கீழேயும் இருக்கும், எந்தப் பக்கம் ஊர் என்று பிசாசுக்கும் தெரியாது. அங்கே செல்போன் வெறும் கைவிளக்குதான். போன மழையில் சங்கத்து ஓட்டுநன் இலாரியோ ஜீப்போடு சிக்கி, விடியும்வரை பயணிகளோடு தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். இப்போதும் குளிர்ந்த தண்ணீரைக் கண்டால் கெட்ட வார்த்தை பேசுகிறான். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது: மழைக்கு முன்பு ஒவ்வொரு ஜீப்பும் உப்பு வெளியின் நடுவே பாறைத் திட்டாக நிற்கும் கள்ளித் தீவுவரை போய் அங்கிருந்து தலைவர் வீட்டைக் கூப்பிட வேண்டும். குரல் கேட்டால் மழைக்காலத்தில் பயணிகளை ஏற்றிப்போகும் முறையில் இடம் உண்டு. கேட்காவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

பக்கத்து நகரமான ஊயுனியின் சந்தைக் கடையில், பசிலியாவோடு வந்த தோன் கசியானோ நேராகப் போய் நின்றது சிவப்பும் நீலமுமாகக் கண்சிமிட்டிய ஒரு பெட்டியின் முன்னால்.

"இதப் பாரு மகளே! மைக்குகூட வெள்ளி மாதிரி மின்னுது."

"பத்ரீனோ, இது லாரிக்காரங்க அலைவரிசை. நம்ம ஜீப்புங்க பேசுறது இதுல விழாது."

"லைட்டு எப்படி எரியுது பாத்தியா?"

"லைட்டுதான் வேணும்னா ஒரு மெழுகுவத்தி வாங்கிட்டுப் போயிரலாம்."

கடைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழ்த்தட்டிலிருந்து செங்கல் வடிவில் கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தாள். ஒரு குமிழ், ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான். மற்ற ஜீப்புகளின் அலைவரிசை, தூசிக்கும் குலுக்கலுக்கும் அஞ்சாத தகட்டு உடம்பு. பசிலியா கையில் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது, பிடித்தும் போனது. தோன் கசியானோவின் முகம் தொங்கிவிட்டது.

"ஊர்ல கேப்பாங்களே, கசியானோ வாங்கிக் குடுத்தது எங்கேன்னு. இந்தக் கறுப்புக் கட்டியையா காட்டுறது?"

"காட்ட வேணாம் பத்ரீனோ. கேக்க வெப்போம்."

அவர் காசைக் கொடுத்தார், ஆனால் மனசு ஆறவில்லை. திரும்பும் வழியில் திருவிழாச் சாமான் கடையில் இறங்கி, பசிலியாவுக்குக் காட்டாமல் ஏதோ ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

வயர்லெஸ்ஸைப் பொருத்துவது தனிச் சண்டை. ஆண்டெனா கூரையின் நடுவில், சுற்றிலும் தகடு மட்டும் இருக்க, தன்னந்தனியாக நிற்க வேண்டும், இரும்பு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது என்று கடைக்காரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதாவது கூரையில் ஓட்டை போட வேண்டும்.

"என் ஜீப்பு மண்டையில ஓட்டையா?" எராஸ்மோ பதறினான். "முன்பக்க பம்பர்ல மாட்டிரலாமே."

"உப்புத் தண்ணி அடிச்சு ஒரே மழையில அரிச்சிரும்."

"அப்ப காந்தம் வெச்சு ஒட்டுறது?"

"காத்து தூக்கிட்டுப் போயிரும். நீ கண்ண மூடிக்கோ, நான் போட்டுக்கறேன்."

"மூடினாலும் ஒண்ணுதான், மூடாட்டியும் ஒண்ணுதான். போடு."

சாமான் கட்டும் கம்பிச் சட்டத்தைப் பின்னால் தள்ளிவிட்டு பசிலியா துளையிட்டாள். தகடு கிறீச்சிட்டபோது எராஸ்மோ தன் பல்லையே பிடுங்குவதுபோல முகத்தைச் சுளித்தான். பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒயரை நேராக இழுத்தாள். உப்பு புகாமல் மூட்டுக்கெல்லாம் கிரீஸ் அப்பினாள். ஒயரின் முனைகளை விரலால் தடவித் தடவி முறுக்கிக் கொடுத்தது எராஸ்மோதான். கண் போனாலும் அவன் விரலுக்கு அந்த ஜீப்பு மனப்பாடம். மைக்கை அவளுடைய வலது கைக்கு எட்டும்படி மாட்டியதும் உப்புக் குவியல்களுக்குப் பக்கத்தில் நின்ற இலாரியோவின் ஜீப்பைக் கூப்பிட்டாள்.

"கேக்குதா? ஓவர்."

"கேக்குது தாயி, காதுக்குள்ளயே உக்காந்து பேசுற மாதிரி கேக்குது. என் பொண்டாட்டி குரல்கூட இவ்வளவு பக்கத்துல கேட்டதில்ல. ஓவர்."

அன்று ராத்திரி பசிலியா நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை சால்யா என்கிற வாழ்த்துச் சடங்கு. புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் பூமித்தாய்க்கு முதல் மடக்கு ஊற்றி, பொருளின்மேல் பீர் தெளித்து, பூவிதழும் காகிதச் சுருளும் போட்டு வாழ்த்தாமல் அதைத் தொடக்கூடாது. சோதிப்பதற்காகத் தொட்டதற்கே பசிலியா மனசுக்குள் மன்னிப்புக் கேட்டிருந்தாள். தோன் கசியானோ வந்து ஜீப்பின் நாலு சக்கரத்துக்கும் பீர் ஊற்றினார். வயர்லெஸ்மேல் மட்டும் விரல் நுனியால் தெளிக்கச் சொன்னாள் பசிலியா. பிறகு அவர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கனமான ஜிகினா மாலை, மணிக்கட்டு மொத்தத்தில் தகட்டுச் சரிகை, வெயிலில் பார்த்தால் கண்ணைக் குத்தும்.

"உன் பெட்டிதான் மின்னல. ஆண்டெனாவாவது மின்னட்டும்" என்று சொல்லி, ஏணியில் ஏறி அடியிலிருந்து நுனிவரை தன் கையாலேயே நெருக்கமாகச் சுற்றினார். ஊரே கைதட்டியது. மிச்சத்தைத் தன் வீட்டு வயர்லெஸ் கம்பத்துக்குச் சுற்றப்போவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். சால்யா போட்டதை யாரும் கழற்றுவதில்லை. காற்றும் வெயிலும் பார்த்து எப்போது எடுக்கின்றனவோ அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசிலியாவும் எராஸ்மோவும் கிளம்பினார்கள். உப்பு காய்ந்து கெட்டித்திருந்தது, ஜீப்பு பறந்தது. கூரைமேல் ஜிகினா படபடத்தது. கள்ளித் தீவின் நிழலில் நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு பசிலியா மைக்கை எடுத்தாள்.

"தலைவர் வீடு, தலைவர் வீடு. பசிலியா பேசறேன், கள்ளித் தீவுலேந்து. ஓவர்."

ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டாள். இரைச்சலுக்குள் யாரோ இருமுவதுபோல ஒரு துணுக்கு கேட்டு அணைந்தது. ஒயரை ஆட்டிப் பார்த்தாள், ஃபியூஸைப் பார்த்தாள், எல்லாம் ஒழுங்கு. இங்கேயிருந்து பதில் இல்லாமல் திரும்பினால் கறுப்புக் கட்டியை வாங்கியது அவள் குற்றம், ஓட்டை போட்டது அவள் குற்றம், பெண்பிள்ளை ஓட்ட வந்ததே குற்றம் என்றாகிவிடும். எராஸ்மோ கொக்கா இலையை மென்றுகொண்டிருந்தான். சுரங்கத்துக்குப் போகும் பஸ்ஸில் இப்போதே மனசுக்குள் ஏறிவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்கு இலாரியோவுக்குக் கேட்டுச்சே. அதுக்கப்புறம் என்ன மாறிச்சு?" என்றாள்.

"ஒண்ணும் மாறலியே. சால்யாதான் போட்டோம்."

இருவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"இரும்பு பக்கத்துல வரக்கூடாதுன்னு சொன்னாங்களே அந்தக் கடைக்காரம்மா" என்றாள் பசிலியா. "நாம ஆண்டெனாவுக்குத் தகட்டுலயே சட்டை தெச்சுப் போட்டிருக்கோம்."

"வேணாம் பசிலியா. சால்யாவைக் கழட்டக் கூடாது. பூமித்தாயே மன்னிச்சாலும் பத்ரீனோ மன்னிக்க மாட்டாரு."

அவள் ஏற்கெனவே ஜீப்பின் பின்பக்க ஏணியில் இருந்தாள். முதலில் போத்தலில் இருந்த கடைசி மடக்குச் சாராயத்தை உப்பின்மேல் ஊற்றி, "தாயே, இதத் தூக்கிப் போடல, இடம் மாத்துறேன்" என்று சொல்லியிருந்தாள். நுனியிலிருந்து சுற்று சுற்றாக அவிழ்த்தாள். அவிழ்த்ததைக் கீழே வைக்க மனசு வரவில்லை. சால்யாவில் மனுஷருக்கும்தானே மாலை போடுகிறார்கள்? தொப்பியைச் சுற்றி ஒரு வளையம், கழுத்தைச் சுற்றி மீதி. அந்தக் கோலத்தில் வந்து உட்கார்ந்து மைக்கை அழுத்தினாள்.

"தலைவர் வீடு, பசிலியா பேசறேன். ஓவர்."

"பசிலியா!" கரகரவென்று வந்தது தோன் கசியானோவின் குரல். "இவ்வளவு நேரம் எங்க போன? இரைச்சல் சேர்ந்துதான் வருது, ஆனா கேக்குது! கேட்டீங்களாடா எல்லாரும், என் ஞானமகள் தீவுலேந்து பேசுறா! ஓவர்."

பசிலியாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எராஸ்மோ அவள் முழங்காலைத் தட்டினான். போதும், கேட்டாயிற்று, இனிமேல் வீட்டுக்குப் போகலாம். ஊருக்குள் நுழையும் முன் மாலையை மறுபடி சுற்றிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் கரகரத்த குரல் நிறுத்தவில்லை.

"எல்லாம் என் ஜிகினா பண்ண வேலைடா! அந்தக் கறுப்புக் கட்டியால ஆகுமா இது? இலாரியோ, எல்லாரும் கேட்டுக்கோங்க. மழைக்கு முன்னாடி எல்லா ஜீப்புக்கும் இதே மாதிரி சுத்திரணும். மாலை நான் வாங்கித் தரேன். ஓவர்."

"தலைவரே, வாங்கித் தந்தா நான் ரெண்டாவே சுத்துவேன். ஓவர்" என்றான் இலாரியோ.

பசிலியா மைக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை, கீழேயும் வானம், ஒவ்வொரு கூரையிலும் மின்னும் ஜிகினா, ஒருவர் குரலும் ஒருவருக்கும் கேட்காத உப்பு வெளி. விடியும்வரை தண்ணீரில் உட்கார்ந்திருந்த இலாரியோ.

"சொல்லாத" என்றான் எராஸ்மோ மெதுவாக. "ஊரே கேக்குது. நேர்ல போய்ச் சொல்லிக்கலாம்."

"ஊரே கேக்குறதாலதான் சொல்லணும். நேர்ல போறதுக்குள்ள அவன் ரெண்டு சுத்திருவான்."

அழுத்தினாள்.

"பத்ரீனோ, மன்னிச்சிருங்க. ஜிகினா ஆண்டெனால இல்ல. இருந்தவரைக்கும் எனக்கு ஒண்ணும் கேக்கல, உங்களுக்கும் கேக்கல. கழட்டினதும்தான் கேட்டுச்சு. தூக்கிப் போடல, என் கழுத்துல போட்டிருக்கேன். யாரும் ஆண்டெனால சுத்தாதீங்க. ஓவர்."

இலாரியோகூடப் பேசவில்லை, அவன் வாழ்நாளில் அப்படி நடந்ததே இல்லை. எராஸ்மோ கொக்கா இலையை மெல்வதை நிறுத்தியிருந்தான். முறையில் இடம் போனது என்று பசிலியா முடிவே செய்துவிட்டாள். ஜீப்பைக் கிளப்பி ஊர்ப்பக்கம் திருப்பினாள். சொன்னதற்காக வருத்தமில்லை, அந்தக் கிழவரின் முகத்தை நினைத்துத்தான் வருத்தம்.

தீவு பின்னால் சிறுத்துப்போன பிறகு பெட்டி உயிர்பெற்றது.

"பசிலியா. கசியானோ பேசறேன்."

கரகரப்பே இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல, மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. ஏணி ஏறி இறங்கிய மூச்சு அது.

"இப்ப எப்படிக் கேக்குது மகளே? ஓவர்."

பசிலியா ஒரு கையால் மைக்கை எடுத்தாள். "நல்லா கேக்குது பத்ரீனோ. பக்கத்துல இருக்கற மாதிரி. ஓவர்."

"ம். கேக்கணும். ரெண்டு நாளா எல்லாப் பயலும் என் கம்பம் சரியில்லன்னான், நான்தான் அவனுங்களத் திட்டினேன். மழைல மொத வண்டி உன்னுது. மத்த தறுதலைங்க உன் பின்னாடி வரட்டும். ஓவர்."

"தறுதலைன்னா யாரு தலைவரே? ஓவர்" என்றான் இலாரியோ, உயிர் திரும்பி.

பசிலியா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். ஊர் நெருங்க நெருங்க எராஸ்மோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தான்.

"அங்க ஏதோ மின்னுது" என்றான். "எனக்கே தெரியுது பாரு. என்னது?"

உப்பு வெளியின் விளிம்பில் தோன் கசியானோ தனியாக நின்றிருந்தார். அவர் தொப்பியிலும் கழுத்திலும், பசிலியா போட்டிருந்ததுபோலவே, கம்பத்திலிருந்து அவிழ்த்த மிச்ச ஜிகினா.