குனிந்தபடி தக்கையைப் பார்த்தவன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது.

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் ஆங் மோ கியோ பக்கம் நீர்த்தேக்கக் கரையில் ஒருத்தன் மடக்கு நாற்காலி போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். தக்கை முங்கியது. சுண்டி இழுத்தான். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை. கைப்பேசியில் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டான்.

"ஏம்பா விட்டுட்டே?" என்றேன்.

"சும்மா ஃபன்னுக்குத்தான் அங்கிள். இதப் போயி யாரு சாப்பிடுவா லா?"

யார் சாப்பிடுவார்களாம்! வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்துவிட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் ஒருவனைக் கொண்டுபோய் ஏரிக்கரையில் உட்காரவைத்தேன். அப்படி ஒருவன் இருந்ததாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. முழுக்க என் சொந்தச் சரக்கு.

2

தொடக்கம் சரியாக வரவில்லை.

'1943ஆம் ஆண்டு, சியோனான் என்று பெயர் மாற்றப்பட்ட சிங்கப்பூரில், பசி என்னும் அரக்கன்…' சீ. அரக்கனாம்.

'பால்காரன் பாலகிருஷ்ணன் வீட்டில் பால் இல்லை.' இது கச்சிதமாகத்தான் இருந்தது. மாடுகளை ராணுவம் ஓட்டிக்கொண்டு போய்விட்டது. பிள்ளை பெற்ற மனைவிக்கும் பால் சுரக்கவில்லை. ஆனால் இவ்வளவு தோதாக அமைந்தால் பொய் வாடை வரும். மாடுகளை அடித்துவிட்டேன். இப்போது பாலகிருஷ்ணன் கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவன். மனைவிக்குப் பால் இல்லை என்பதை மட்டும் என்னால் அடிக்க முடியவில்லை.

3

மனைவி ரத்தினம்மா. சிராங்கூன் சாலைக்குப் பின்சந்தில் ஒற்றை அறை. தலைப்பிள்ளை. மூன்று வேளையும் ஊபிதான், அதாவது மரவள்ளிக் கிழங்கு. வெறும் கிழங்கு தின்ற உடம்பில் பால் எங்கிருந்து வரும்? குழந்தை முதலில் வீல்வீலென்று கத்தியது. இப்போது முனகுகிறது. கத்தல் நின்றதில்தான் பாலகிருஷ்ணன் பயந்துபோனான்.

பிரசவம் பார்த்த பூவம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: "மீன் சாறு குடுத்துப் பாருப்பா, பால் ஊறும். இல்லேன்னா புள்ள தாங்காது."

சந்தை மீன் இவன் கைக்கு எட்டவில்லை. பொத்தோங் பாசிரில் மணல் வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. (முன்னால் ஏரி என்று சொன்னது என் தாராள மனசு.) வெள்ளத்தில் சீனர் மீன் வளர்க்கும் குளங்களிலிருந்து தப்பிய கெண்டைகள் அதில் உண்டு என்று குடை ரிப்பேர் ஒலி முகம்மது சொன்னார். தையல் ஊசியைச் சூடாக்கி வளைத்து முள்ளும் செய்து கொடுத்தார்.

தக்கைக்குத்தான் வழியில்லை. முருகன் படத்துக்கு மேலே ஒரு மயிலிறகு செருகியிருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் காவடி என்று ரத்தினம்மா நேர்ந்துகொண்ட நாளில் வைத்தது. அதன் தண்டை நறுக்கி, நுனியில் சிவப்பு பெயிண்டைத் தொட்டு வைத்தான்.

"அய்யய்யோ, சாமிக்கு வச்சதுங்க!"

"புள்ளையும் அவரு குடுத்ததுதானே? கோவிச்சுக்க மாட்டாரு. நீ புளியக் கரைச்சு வையி, வந்துடறேன்."

"வெறுங்கையோட மட்டும் வந்துடாதீங்க" என்றாள். அதட்டிச் சொல்லியிருந்தால் அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

4

வேகவைத்த கிழங்கு ஒரு துண்டு கொண்டுபோனான். மீனுக்கும் அதுதான், இவனுக்கும் அதுதான். பிசைந்து உருட்டி முள்ளில் குத்திப் போட்டான்.

சின்னக் கெண்டை லேசில் விழுங்காது. வாயில் வைத்துப் பார்க்கும், துப்பும், மறுபடி வரும். தக்கை நடுங்கும், நிமிரும், படுத்துக்கொள்ளும். சட்டென்று இழுத்தால் வெறும் முள். காலையெல்லாம் இரையைத் தின்று ஏப்பம் விட்டது மீன்தான்.

உச்சி வெயிலில் பசி தாங்காமல் ஓர் உருண்டையை இவனே வாயில் போட்டுக்கொண்டான். விழுங்கியதும் அழுகை வந்தது. "அடப் பாவி, புள்ளையோடதத் தின்னுட்டியேடா" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

(இந்த இடத்தில் அவனைப் பசியை வென்ற வீரனாக்கிப் பார்த்தேன். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு பட்டினி கிடக்கிறவனுக்கு நான் என்ன உபதேசம் செய்வது? தின்றுவிட்டுப் போகட்டும்.)

கடைசி உருண்டையைக் குத்திப் போட்டான். தக்கை நடுங்கியது, நிமிர்ந்தது.

கரைமேல் பூட்ஸ் சத்தம்.*

* சத்தத்தை வைத்தே ஆளைத் தெரியுமா என்று கேட்காதீர்கள். அந்தக் கரையில் பூட்ஸ் போட்டு நடக்கிறவன் வேறு யார்?

ஜப்பான் சிப்பாய் வந்தால் எழுந்து நின்று, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பு வளையக் குனிய வேண்டும். பையைக் கீழே வைக்காமல் குனிந்த ஒருத்தனுக்கு விழுந்த அறையை இவன் கண்ணால் பார்த்தவன். அந்த ஆளுக்கு இப்போது ஒரு காது கேட்பதில்லை.

மூங்கில் தூண்டிலைத் தரையில் போட்டான். எழுந்தான். பூட்ஸ் வந்த பக்கம் திரும்பிக் குனிந்தான். ஓரக்கண்ணில் தண்ணீர் தெரிந்தது.

சிவப்பு நுனி முழுசாக முங்கியது.

காலடியில் மூங்கில் சரசரவென்று நகர்ந்தது. கை இரண்டும் தொடையில்தான் இருந்தன. வலது காலை மட்டும் மெல்ல நகர்த்தி, கழியை மிதித்துக்கொண்டான். பெரிய மீன். பாதத்தில் அதன் துடிப்பு தெரிந்தது. "முருகா, அறுத்துடாதே."

பூட்ஸ் அவன் முன்னால் வந்து நின்றது.

5

முடிவுகள் கைவசம் உண்டு.

சிப்பாய் நகராமல் நிற்கிறான். இவன் குனிந்தே இருக்கிறான். தூண்டில் நரம்பு அறுந்து மீன் போகிறது. நடந்திருக்கக்கூடியது இதுதான். எழுதியும் பார்த்தேன். வாசலில் நிற்கும் புருஷனைப் பார்த்ததும் ரத்தினம்மா கரைத்து வைத்த புளியை மூடி வைத்தாள் என்ற வரியோடு பேனா நின்றுவிட்டது.

பாய்ந்து இழுக்கிறான், அடி வாங்குகிறான், உதட்டில் ரத்தம், கையில் மீன். கைதட்டு வாங்கும். ஆனால் அந்த அடியில் இவன் செத்தால்? மீனை வீட்டுக்கு யார் கொண்டுபோவது?

இன்னொன்று: சிப்பாயும் சின்ன வயதில் ஊர்க்குளத்தில் கெண்டை பிடித்தவன். துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கழியைப் பிடிக்கிறான், இரண்டு பேரும் சேர்ந்து… படிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள். அறை வாங்கிய கன்னங்களைக் கேட்காமல் அவனை நல்லவனாக்க நான் யார்? அதற்காக ஆயிரத்தில் ஒருவன் அப்படி இருந்திருக்கவே மாட்டான் என்று அடித்துச் சொல்லவும் என்னால்…

6

போதும். எனக்குத் தெம்பில்லை. நான் காபி குடிக்கப் போகிறேன்.

பாலகிருஷ்ணன் இன்னும் குனிந்துதான் நிற்கிறான். காலுக்குக் கீழே மூங்கில் துடிக்கிறது. அவனை நிமிர்த்துகிறவர்கள் நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

பின்சந்தில் ரத்தினம்மா புளியைக் கரைத்து அடுப்பில் ஏற்றிவிட்டாள். குழந்தை மடியில் கிடக்கிறது. கொஞ்ச நேரமாக முனகலும் இல்லை. குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள், வாசலைப் பார்க்கிறாள்.

யாராவது அங்கே போயாக வேண்டும். கதவு திறந்துதான் இருக்கிறது, நீங்கள் போங்கள்.

வெறுங்கையோடு மட்டும் போய்விடாதீர்கள்.