பழுதுச் சீட்டு

அல்மாத்தியில் பழைய கிதார் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் லூப்பாவிடம் சீட்டு எழுதி வாங்காமல் காரியத்தில் இறங்குவதில்லை. கழுத்தில் கறுப்பு நூலில் தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் வந்த பெயர் அது; அந்தக் கண்ணாடிக்கு அங்கே லூப்பா என்று பெயர். அவருடைய சொந்தப் பெயர் கைர்பெக் என்பது கடைக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கிதாரில் உள்ள ஒவ்வொரு கீறலையும் பள்ளத்தையும் அவர் சீட்டில் வரிசையாக எழுதுவார். எதிரே 'மெய்' என்றோ 'பொய்' என்றோ ஒரே சொல். வாசித்து வாசித்துத் தேய்ந்திருந்தால் மெய். பழசாகக் காட்டுவதற்காக யாராவது தேய்த்திருந்தால் பொய். வேறு எதுவும் எழுத மாட்டார், அதிகம் பேசவும் மாட்டார்.

பிப்ரவரியில் ஒரு முற்பகல், தொப்பியில் பனியோடு ஓர் இளைஞன் கிதார்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"லூப்பா அகாய் நீங்கதானே?"

"கண்ணாடி தொங்குதுல்ல? கதவைச் சாத்து தம்பி. குளிர் கிதாருக்கு ஆகாது. எனக்கும் ஆகாது."

"என் பேரு தௌலெத், கரகாந்தாவிலேர்ந்து வரேன். இங்க கடையில விசாரிச்சப்ப உங்ககிட்ட அனுப்பினாங்க. டிக்கெட் வாங்காத பயணியக் கூட்டிட்டு வரியான்னு ரயில்ல கண்டக்டரம்மா வழி பூராவும் திட்டு." அவன் பெட்டியை மேசைமேல் வைத்தான். "தொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் அகாய். இது போலி. அப்படிச் சொல்லித்தான் காட்டணும்னு என் பெண்சாதி சொல்லி அனுப்பினா. ரொம்ப முன்னாடியே ஒரு பெரிய ஆள் பாத்துச் சொல்லிட்டாராம். அவர் சொன்னா சொன்னதுதானாம்."

"போலின்னு தெரிஞ்சா சீட்டு எதுக்கு?"

"போலின்னு எழுதின சீட்டைக் கையில குடுத்துட்டுத்தான் விக்கணுமாம். அவ அப்படித்தான் அகாய். பழைய சோபாவை வித்தப்ப, வாங்க வந்த ஆளைக் குனிய வச்சு உடைஞ்ச காலைக் காட்டினா. அவன் ஓடியே போயிட்டான். அந்த சோபாவுலதான் இன்னும் உக்காந்திருக்கோம்."

கைர்பெக்குக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார்.

ஓரங்களில் கறுத்து நடுவில் தேன் நிறமாகத் தெளியும் உடல். மேல் விளிம்பில், வாசிப்பவரின் முன்கை படியும் இடத்தில், பூச்சு போய் மரம் தெரிந்தது. அங்கே உப்புத்தாள் இழுத்த கோடுகள், ஒன்றுக்கொன்று நேராக. அமிலம் வைத்துத் துருவேற்றிய திருகுகள். கத்திமுனையால் கீறிய வெடிப்புகள். அந்தப் பொய்களை ஒவ்வொன்றாக அவருக்குத் தெரியும். மொத்தம் பதினேழு.

அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் அவற்றை எண்ணியிருந்தார். இளமையில் கல்யாண விருந்துகளில் வாசித்துக்கொண்டிருந்த அமெரிக்கக் கிதாரை, மனைவியின் வைத்தியத்துக்காக விற்றவர் அவர். மனைவி பிழைக்கவில்லை. மகள் தொல்கனாய் அதே வகைக் கிதாரை மூன்று வருடம் தேடி, சம்பளத்தைச் சேர்த்து வாங்கி, நாற்பது பேர் உட்கார்ந்திருந்த விருந்தில் அவர் மடியில் வைத்தாள். அவர் முதலில் மகளின் முகத்தைப் பார்த்திருக்கலாம். கண்ணாடியை எடுத்தார். பழக்கம். தட்டில் இறைச்சி ஆறிக்கொண்டிருக்க, ஒவ்வொரு பழுதாகத் தொட்டுக் காட்டி "பொய், பொய்" என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், "நல்லா ஏமாத்தியிருக்கான். என் பொண்ணையே ஏமாத்திட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கிதாரை அவர் மடியிலிருந்து எடுத்து மெதுவாகப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் காலையில் பெட்டியும் இல்லை, அவளும் இல்லை. ஏழு வருடம் ஆகிறது.

"என்ன அகாய், அவ்வளவு மோசமா?" என்றான் தௌலெத்.

கைர்பெக் பெட்டியை வெளிச்சத்துக்கு நகர்த்தினார். கண்ணாடியை எடுத்தார். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டார்.

உப்புத்தாள் கோடுகளுக்குப் பக்கத்தில், ஓர் அங்குலம் தள்ளி, வேறொரு தேய்வு இருந்தது. அது கோடில்லாமல் தண்ணீர் வடிந்ததுபோல மெல்ல மெல்ல மங்கி, வியர்வையில் கறுத்திருந்தது. குட்டையான முன்கை. கத்திக் கீறல்களுக்கு நடுவே நூலிழை போன்ற புதிய வெடிப்புகள். கடுங்குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் பலமுறை கொண்டுவந்தால் மட்டுமே வருகிறவை. கிதாரின் கழுத்தில் மூன்றாவது கட்டையின் ஓரமாகச் சின்னப் பள்ளம். வேறு யாருடைய சுண்டுவிரலும் அங்கே போய் அழுத்தாது. எட்டு வயதில் தொல்கனாய் பனிச்சறுக்கு வண்டியிலிருந்து விழுந்தபோது வெளிப்பக்கம் கோணிப்போன விரல் அது. மாவுக்கட்டு பிரித்த நாளில் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தவர் அவர்தான்.

போலி என்று தெரிந்த கிதாரை ஏழு வருடம் வாசித்திருக்கிறாள்.

உடலின் கீழ் வளைவில் கண்ணாடியை வைத்தபோது நான்கு சின்னக் குழிகள் தெரிந்தன. மேலே இரண்டு, கீழே இரண்டு. எலியின் பல் இப்படி இருக்காது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தௌலெத் எட்டிப் பார்த்தான். "ஐயோ, அதுவா? அது எங்க பொண்ணு வேலை. பல்லு மொளைக்கறப்ப இதைக் கடிச்சாத்தான் அழுகையை நிறுத்துவா. சோத்துக்கு வாயத் தொறக்க மாட்டா, இதுக்குத் தொறப்பா."

"இப்போ என்ன வயசு?"

"மூணு முடியப் போகுது. அடுத்தது மே மாசம் வருது அகாய். தொட்டில் போட இடம் வேணும். அதான் இதை வித்துடுன்னுட்டா. எனக்கு மனசே இல்ல. இவ வாசிச்சாத்தான் அது தூங்கும்."

கைர்பெக் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார். பதினேழு வரி, பதினேழு பொய். பிறகு பதினெட்டாவது வரியில் முன்கைத் தேய்வு, மெய். வெடிப்பு, மெய். சுண்டுவிரல் பள்ளம், மெய். பல் நான்கு, மெய். எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல் வைத்தார்.

"இதை நானே வாங்கிக்கறேன். அசல் கிதாருக்கு என்ன விலையோ, அதைத் தரேன்."

"போலிக்கா? விளையாடறீங்களா அகாய்?"

"கேட்டுச் சொல்லு."

"அவளைத்தான் கேக்கணும். இல்லன்னா சோபா கதைதான்." சிரித்தபடி தௌலெத் போனை எடுத்து, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தான். மணி நான்கு முறை அடித்தது.

"பாத்தாச்சா?" என்றது குரல். கொஞ்சம் கனத்திருந்தது. அவள் குரல்தான்.

"பாத்தாச்சு. போலிதானாம். ஆனா நீ வாசிச்சுத் தேஞ்ச இடத்தையெல்லாம் தனியா எழுதி மெய்னு போட்டிருக்காரு. பாப்பா கடிச்சதுக்குக்கூட! அதுக்கும் மேல, அசல் விலைக்கு அவரே வாங்கிக்கறாராம்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"தௌலெத், அந்தக் கண்ணாடி நூல்ல தொங்குதா? கறுப்பு நூலா?"

"ஆமா. உனக்கு எப்படி..."

இந்த ஏழு வருடத்தில் சொல்லிப் பார்த்துவைத்த வாக்கியங்கள் கைர்பெக்கிடம் எத்தனையோ இருந்தன. போனை நோக்கிக் குனிந்து, சொல்லத் தெரிந்ததைச் சொன்னார்:

"விரல் தடம் நிஜம்தான்மா."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "அதுக்கு உங்க சீட்டு வேணாம்."

அவள் மூச்சு கேட்டது. பிறகு கணவனிடம் பேசினாள். "அவருக்குக் குடுக்காத. யாருக்கும் வேணாம், வீட்டுக்கே கொண்டு வந்துடு. அகாய்க்குக் கூலியக் குடுத்துட்டுக் கிளம்பு."

இணைப்பு துண்டானது. அப்பா என்றுதான் அவள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அகாய் என்பது வழியில் போகிற பெரியவரையும் கூப்பிடுவது.

தௌலெத் போனைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். அவளுடைய சாயல் அங்கே எங்காவது இருந்திருக்க வேண்டும். அவன் முகம் மெல்ல மாறியது.

"அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லன்னு சொன்னா," என்றான் தாழ்ந்த குரலில்.

கைர்பெக் தலையை ஆட்டினார். கிதாரை அவரே பெட்டிக்குள் வைத்தார், பற்குழிகள் இருந்த பக்கம் துணியை மடித்துக் கொடுத்து. கொக்கிகளைத் தௌலெத் மாட்டினான். கூலி எடுக்கப் பைக்குள் போன அவன் கையைப் பிடித்து வேண்டாமென்றார். மேசையில் கிடந்த சீட்டை அவன் எடுக்கவில்லை.

கதவருகே போய்விட்டவனிடம் கேட்டார்: "பாப்பா பேரு என்ன?"

தௌலெத் தொப்பியைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றான்.

"அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் அகாய்."

கதவு மூடிக்கொண்டது. சற்று நேரம் கழித்து அவர் மேசைக்குத் திரும்பினார். சீட்டின் அடியில் உரிமையாளர் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. அங்கே 'தொல்கனாய்' என்று எழுதினார். பெயரை எழுதி ஏழு வருடம் ஆகியிருந்ததால் எழுத்து கோணியது. மை உலரும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.