தம் போட்ட பாய்

ஷவுகத் அலிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஊருக்கே சோறு போடுகிற மனிதர். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் பெரிய நிக்காஹ் என்றால் தேக்சா என்கிற பெரிய அண்டா முன்னால் நிற்கிற பிரியாணி மாஸ்டர் அவர்தான். அவருடைய சுத்தத்தைப் பற்றி ஊரில் கதையே உண்டு. வெற்றிலை போட்ட வாயோடு எவனாவது அடுப்புப் பக்கம் வந்தால் கரண்டியைக் காட்டியே விரட்டுவார். வியர்வைக்கு ஒரு துண்டு, கை துடைக்க ஒரு துண்டு. இரண்டும் மாறிப்போனால், கூட வேலை செய்கிறவர்களுக்கு அன்றைக்குக் கச்சேரிதான். அப்பேர்ப்பட்டவருக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. எல்லாம் ஒரு விளையாட்டால் வந்த வினை.

'சட்டிச் சண்டை' என்று ஒரு வீடியோ கேம். சமையல்காரர்கள் ஒருவரை ஒருவர் போட்டு அடித்துக்கொள்வதுதான் அதில் கதை. முதல் பாகத்தில் தோசை மாஸ்டர் தோசைக்கல்லால் அறைந்தார். இரண்டாம் பாகத்தில் பரோட்டா மாஸ்டர் மாவை வீசி எதிராளியின் கழுத்தை இறுக்கினார். இந்த மாதிரி அரும்பணிக்கெல்லாம் படித்த பிள்ளைகள் வேலப்பன்சாவடியில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாம் பாகத்துக்கு ஒரு பிரியாணி மாஸ்டர் வேண்டுமென்று அந்தக் கம்பெனி மேனேஜர் ரோஹித் இவரைத் தேடி வந்தான். உடம்பு முழுக்க அசைவைப் பிடிக்கிற புள்ளிகளைப் பொட்டுப் பொட்டாக ஒட்டி, இவர் கிளறுவதையும் நடப்பதையும் படம் எடுத்தார்கள். பேசச் சொல்லிக் குரலையும் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மாதமாக ஷவுகத் அலி அதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. மீன் வாங்கப் போன இடத்தில்கூடச் சொன்னார்.

கேம் வெளியான அன்று மகள் மெஹக் அதைப் போனில் இறக்கினாள். மனைவி ராபியாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் அவரேதான். அதே கைலி, அதே மருதாணிச் சிவப்புத் தாடி, இடது காலைச் சாய்த்து வைக்கிற அதே நடை. எதிராளி தள்ளாடுகிற நேரத்தில் "தம் போடட்டா?" என்று அவருடைய குரல் கேட்டது. அந்த உருவம் தேக்சா ஓரத்தில் குந்தி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தது. நன்றாக இழுத்தது. சாம்பலைச் சோற்றின்மேல் தட்டியது. மிச்சத் துண்டைக் கறியில் நசுக்கி அணைத்து, ஒரு கரண்டி அள்ளி எதிராளியின் வாயில் திணித்தது. வெள்ளைப் பருக்கையில் சாம்பல் ஈரமாகக் கரைவதை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு அக்கறையாக வரைந்திருந்தார்கள் பாவிகள்.

ஷவுகத் அலி போனைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஓடிப்போய் வாஷ்பேசினில் ஓங்கரித்தார்.

"த்தூ! இன்னா கருமம்மா இது!"

"உங்களைப் போயி இப்பிடிக் காட்டிகிறானுங்களே," என்று ராபியா வயிறெரிந்தாள். "நீங்க பீடியை உட்டே இருபத்தோரு வருஷம் ஆவுது. மெஹக் வயித்துல இருக்கசொல்ல உட்டது."

அவர் குழாயைத் திறந்துவிட்டார். வாயை மறுபடி மறுபடி கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குத்தம்பாக்கத்திலிருந்து ஜுல்ஃபிகர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு நிக்காஹ். ஐந்து தேக்சா பிரியாணி, ஷவுகத் அலி கையால்தான் என்று எப்போதோ பேசி முடித்தது.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ள ஊட்ல அதைப் பாத்துட்டு, 'இந்தக் கையாலயா?'ன்னு மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. தப்பு தன்னோடதுன்னு அந்தக் கம்பெனிக்காரனைச் சொல்லச் சொல்லுங்க. நீங்களும் வீடியோல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லாட்டி நான் வேற மாஸ்டரைத்தான் பாக்கணும்."

ஒரு வீட்டில் முகம் சுளித்தால் போதும், அந்தச் சுளிப்பு ஊர் முழுக்கப் பந்திக்குப் பந்தி போகும் என்று ஷவுகத் அலிக்குத் தெரியும். அடுத்த நாள் காலையிலேயே பிரியாணி செய்து, பெரிய டப்பாவில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வேலப்பன்சாவடிக்குப் போனார்.

அங்கே ரோஹித் இருந்தான். பக்கத்தில், அந்தக் காட்சியை எழுதிய கிஷோர். ஷவுகத் அலி டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

"துன்னு பாருங்க. துன்னுட்டுச் சொல்லுங்க, இதுலயா சாம்பல் கீது?"

வாசனை வந்ததும் இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் கைவைத்தார்கள். வாய் நிறையச் சோற்றோடு கிஷோர் சொன்னான்: "கோவப்படாதீங்க மாஸ்டர். நீங்க சொன்னதைத்தான் செஞ்சோம்." கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினான்.

ஷவுகத் அலியின் குரல் வந்தது. "தம் போட்டுட்டு அப்பிடியே ஓரமா குந்திக்குவேன். இருவது நிமிஷம். தம்மு போட்டா பொகை வெளிய போவக்கூடாது, அத்தினியும் உள்ளயே நிக்கணும். அதான் ருசி."

அட அறிவுக்கொழுந்தே! மூடி விளிம்பில் மைதா ஒட்டி, மேலே கங்கு கொட்டி ஆவியைக் கட்டிப்போடுகிற தம் வேறு. டீக்கடை ஓரத்தில் இழுக்கிற தம் வேறு.

"தம் பிரியாணி தெரியும் மாஸ்டர். அது ஏதோ பேருன்னு நெனைச்சேன். எங்க ஆபீஸ்ல தம் போட்டுட்டு வரேன்னா சிகரெட்தான்," என்றான் கிஷோர்.

"எழுதும்போது உனக்கு அருவருப்பா இல்லியா?"

"அதுதானே ஹிட்டு! எல்லாரும் உவ்வேன்னு சிரிக்கிறாங்க." சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். கடைவாயில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. ஷவுகத் அலி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரோஹித் கொஞ்சம் விவரமானவன். "அந்தக் காட்சியை எடுத்துடறோம் மாஸ்டர். எங்க தப்புன்னு நானே வீடியோல சொல்றேன். கடைசியில நீங்க ஒரே ஒரு வரி. 'என் தேக்சாவுல ஒரு நாளும் சாம்பல் விழுந்ததில்ல.' அவ்வளவுதான்." போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

ஷவுகத் அலி தாடியைத் தடவிச் சரிசெய்தார். எதைத் தொடங்கினாலும் சொல்கிற பழக்கத்தில் "பிஸ்மில்லாஹ்" என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது. அல்லாஹ் பேரைச் சொல்லித் தொடங்கியாயிற்று. அதன்மேல் எதை வைப்பது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. ஷவுகத் அலி மறைத்தது விரல்நுனி அளவு சாம்பல். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஆவடியில், மாப்பிள்ளை வீட்டார் போடுகிற வலிமா விருந்து. தம்மை உடைத்துச் சோற்றைப் புரட்டும்போது உதட்டில் பீடி இருந்தது. சாம்பல் உதிர்ந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், காணாமல் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாயார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றோடு ஷவுகத் அலி பீடியை விட்டார். பிள்ளை வரப்போகிறது என்பதால் விட்டார் என்று ராபியா நினைத்துக்கொண்டாள். அவரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கேமைப் பார்த்து ஓங்கரித்ததற்குக் கிஷோர் காரணமில்லை. அது அவருக்கு இரண்டு நாளாகவே தெரியும்.

"விழுந்துச்சு," என்றார்.

"மாஸ்டர்?"

"ஒரே ஒரு தபா. ஆவடியில. என் பீடிச் சாம்பல். தூக்கிக் கொட்டியிருக்கணும். கிளறி உட்டுட்டேன். முன்னூறு பேரு துன்னாங்க."

கிஷோரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. ரோஹித் தன் பக்கத்துச் சோற்றை விரலால் ஒதுக்கினான். படத்துச் சாம்பலுக்குச் சிரித்த இரண்டு முகங்களும் இப்போது சுளித்தன.

"இதை அழிச்சிட்டு மறுபடி எடுத்துக்கலாம் மாஸ்டர்," என்றான் ரோஹித்.

"வாணாம். அப்பிடியே போடு. ஜுல்ஃபிகர் பாய்க்கும் அதையே அனுப்பு."

"ஞாயித்துக்கிழமை ஆர்டர்?"

"வேற மாஸ்டரு கிடைப்பாரு."

அவர் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். அவர்கள் இருவரும் பாதியில் விட்ட டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். இறங்கியது. உப்பு ஒரு சிட்டிகை கம்மி.