மூடிக்கொண்ட காதுகள்

தோர்கில்ஸ் தன் பென்டிரைவுக்குக் கடவுச்சொல் போட்ட ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமை, மோதாலுர் பள்ளத்தாக்கின் மூவாயிரத்து இருநூறு செம்மறிகளின் காதுகளில் இருந்த குறிவெட்டுகளும் ஒன்று மிச்சமில்லாமல் மூடிக்கொண்டன. ஆடுகள் மலைமேட்டில் மேய்ந்துகொண்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. அந்தக் கோடையில் ஒன்பது நாள் வெயில் அடித்தது, காப்பி விலை ஏறியது, வேறு விசேஷம் இல்லை.

எங்கள் பக்கம் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு காதுக்குறி உண்டு, பிள்ளைகளா. குட்டி பிறந்ததும் வெட்டிவிடுவோம். இடக்காதில் நுனி நறுக்கு, வலக்காதில் பின்பக்கம் பிறை, இப்படி. யாருடைய குறி எது என்கிற பதிவேடு தோர்கில்ஸிடம் இருந்தது, முப்பது வருஷம் நோட்டில், அப்புறம் பென்டிரைவில். அதில் இரகசியம் ஒன்றும் கிடையாது; ஆடு நடந்துபோனால் ஊரே படித்துக்கொள்ளும். ஆனாலும் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கையில் எடுத்துப்போகிற கருவியில் ஆட்களின் பெயர் இருந்தால் பூட்ட வேண்டும், கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதக்கூடாது, பத்துத் தடவை தப்பாக அடித்தால் உள்ளே இருப்பது தானாக அழிய வேண்டும், பழைய நோட்டு இருந்தால் எரிக்க வேண்டும். தோர்கில்ஸ் கடிதம் என்றால் எழுந்து நின்று படிக்கிற மனுஷர். நோட்டை எரித்தார். பூட்டினார்.

செப்டம்பரில் வழக்கம்போல ஆடுகளை மலையிலிருந்து இறக்கி வட்டப்பட்டியில் அடைத்தோம். நடுவில் பெரிய வளையம், சுற்றிலும் பண்ணைக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு கதவு. காதைப் பார்த்து இழுத்துப் போக வேண்டியதுதான் வேலை. காதெல்லாம் அன்று பிறந்த மாதிரி முழுசாக இருந்தன. பிளாஸ்டிக் காதட்டைகளிலும் எண் இல்லை, அலம்பிவைத்த தட்டுப்போல வெறுமையாகத் தொங்கின. கொஞ்ச நேரம் எல்லோரும் சூப் குடித்தோம்.

பிறகு இல்லுகி பேசினார். ஆயிரத்து நூறு ஆடு உள்ளவர், மலைமேடும் அவருடையதே. குறியில்லாத ஆடு, அது மேய்ந்த நிலத்துக்காரனுக்கே சொந்தம் என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு; அதை அவர் வருத்தத்தோடுதான் ஞாபகப்படுத்தினார். அந்த வழக்கப்படி மூவாயிரத்து இருநூறும் அவருக்கு. மற்றவர்களுக்காவது மீன், வாடகை அறை என்று ஏதோ வருமானம் இருந்தது. விதவை ரான்வெய்க்குக்கு முப்பத்தேழு ஆடு, அவ்வளவுதான். இருட்டுவதற்குள் கதவுகளை மூடிவிடலாம் என்றார் இல்லுகி.

பென்டிரைவைத் திறந்தால் காதும் திறக்கும் என்று எல்லோருக்கும் புரிந்தது. தோர்கில்ஸுக்குக் கடவுச்சொல் மட்டும் மறந்துபோயிருந்தது. மடிக்கணினியைச் சுவர்மேல் வைத்து, செத்துப்போன அவருடைய நாயின் பெயர், குதிரையின் பெயர், அவருடைய மூக்குப்பொடியின் பெயர் என்று அடித்தார்கள். பாதிரியார் பைபிள் சங்கீதம் ஒன்றின் எண்ணைச் சொன்னார். யாரோ தபால்காரியின் பெயரைச் சொல்ல தோர்கில்ஸ் சிவந்துபோனார், ஆனால் அதுவும் இல்லை. ஒன்பது தீர்ந்தது. பத்தாவதும் தப்பானால் காதோடு ஆடும் அழியுமோ என்று ஒருவரும் விசையைத் தொடவில்லை.

"எங்கயாவது குறிச்சு வெச்சிருப்பியே," என்றாள் ரான்வெய்க். அவளும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"காகிதத்துல எழுதக்கூடாதுன்னு போட்டிருந்தான்."

"அதனால?"

தோர்கில்ஸ் பொடி போட்டுக்கொண்டார். "என் கிழட்டு ஆட்டோட காதுல வெட்டி வெச்சேன். எழுத்துக்கு ஒரு வெட்டு."

"அடப் பாவி. சாவியப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டியிருக்கியே."

அவள் அதற்குமேல் திட்டவில்லை. தன் அறைக்குப் போய்க் கதவை அகலத் திறந்து, பனிக்காலத்தில் வைக்கோல் போடும்போது எப்படிக் கூப்பிடுவாளோ அப்படிக் கூப்பிட்டாள். அது வார்த்தை இல்லை, எழுத வராது. வளையத்துக்குள் கூட்டம் பிளந்தது. முப்பத்தேழும் வரிசையாக வந்தன. கடைசி ஆடு கொஞ்சம் நொண்டி. அவள் எண்ணவில்லை, கதவைச் சாத்தினாள்.

அதன்பின் ஆளாளுக்குக் கூப்பிட்டோம். சாயங்காலத்துக்குள் வளையத்தில் ஆயிரத்து நூறுதான் மிச்சம். தேவாலயத்தில் பாடுகிறவரான இல்லுகி நல்ல குரலில் கூப்பிட்டார். ஆடுகள் அசைபோட்டன. அப்போது அவர் பண்ணையில் ஏழு வருஷமாகத் தீனி போடுகிற போலந்துக்காரி தனூத்தா, சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தாள். அவ்வளவும் எழுந்து அவள் பின்னால் நடந்தன.

கூப்பிட்டால் வருகிற ஆடு கூப்பிட்டவருக்கு என்று அன்றைக்கே முடிவாயிற்று. வேறு சாட்சி இல்லையே. தனூத்தா மேய்ச்சலுக்காக இல்லுகிக்கு வருஷம் நாலு கிடா கொடுக்கிறாள். மாவட்ட அலுவலகம் தோர்கில்ஸுக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது: அவருடைய பதிவேட்டை இதுவரை அந்நியர் ஒருவரும் படிக்கவில்லையாம். எழுந்து நின்று படித்தார். மூன்றாம் வருஷம் மீனுக்கு உப்புப் போடும்போது கடவுச்சொல் அவருக்கு ஞாபகம் வந்தது. ரான்வெய்க்கிடம் சொல்லப் போனார்.

"நீயே வெச்சுக்கோப்பா," என்றாள். "காது பாக்க அழகா இருக்கு."

பென்டிரைவ் பட்டிக் கதவு ஆணியில் தொங்குகிறது, ஒரு வாய்ப்பு மிச்சத்தோடு. குட்டிகள் முழுக் காதோடு வளர்கின்றன. இல்லுகி கோடை முழுக்க மலைமேட்டில் கூப்பிட்டுப் பழகுகிறார், செப்டம்பரில் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். போன வருஷம் அவர் குரலுக்கு நாலு வந்தன.