வாசல் எந்தப் பக்கம்

அன்று கப்பலில் இருந்தவர்கள்: பயிற்றுநர் கெமெல், அன்றைய தலைவி பெர்மெத், பாய் இழுக்க நான், உலுக்பெக், இன்னும் நான்கு பேர், ஷர்ஷென் ஐயா, ஓர் ஆட்டுத்தலை. கடைசி இருவரின் பெயரும் பயிற்சிப் பட்டியலில் இல்லை.

ஐயா ஆசி சொல்லத்தான் வந்தார். பெரியவர் ஒருவர் கையேந்தி ஆசி சொல்லாமல் எங்கள் கப்பல் இசிக்-குல் ஏரியில் இறங்கியதில்லை. சொல்லிவிட்டு அவர் கரைக்குப் போயிருக்க வேண்டும். கறி வாசம் விடவில்லை.

எங்கள் வழக்கப்படி விருந்தாளியைத் தோரில்தான் உட்கார வைக்க வேண்டும். தோர் என்றால் வாசலிலிருந்து ஆகத் தூரமான இடம். ஒரே வாசலுள்ள கூடாரத்தில் இதில் குழப்பமில்லை. கப்பலின் நடுவில் இருந்த அறைக்கோ இரண்டு கதவுகள். பின்கதவு ஒரு வருடமாகப் பூட்டியே கிடந்ததால் முன்கதவுதான் வாசல். அதற்கு ஆகத் தூரம் கப்பலின் பின்முனை. சுக்கானும் அங்கேதான்.

உலுக்பெக் அங்கே மெத்தை விரித்தான். ஐயா உட்கார்ந்து, சுக்கான் கட்டையை அக்குளில் கொடுத்துச் சாய்ந்துகொண்டார். கப்பல் வட்டமடிக்கத் தொடங்கியது.

பெர்மெத்துக்கு இது மூன்றாவது தேர்வு. இதுவே கடைசியும். சிவப்பு மிதவையைச் சுற்றிவந்து நாலு மணிக்குள் துறையில் கட்டினால் சான்றிதழ், அக்தாவு துறைமுகத்தில் கப்பல் வேலை. இல்லையென்றால் அக்காள் புருஷனின் கோழிப்பண்ணை. முதல் முறை காற்று இல்லை. இரண்டாம் முறை கெமெலின் மச்சானுக்குக் கல்யாணம்.

“அண்ணே, ஐயாவை அங்கேருந்து கொஞ்சம் எழுப்புங்களேன்,” என்றாள் கெமெலிடம்.

“நானா? எங்கப்பனுக்கே மூத்தவரு. தலைவி நீதானே, நீ எழுப்பு.”

“எழுப்பினா?”

“பெரியவர எழுப்பினான்னு எழுதுவேன். ஃபெயில்.”

“எழுப்பலைன்னா?”

“மிதவைக்குப் போகலைன்னு எழுதுவேன். அதுவும் ஃபெயில்தான்.”

ஒவ்வொரு சுற்றிலும் பாயின் அடிக்கட்டை எங்கள் தலைக்கு மேல் வீசிப் போனது. நாங்கள் குனிந்தோம். வணங்குகிறோம் என்று நினைத்து ஐயா தலையசைத்தார்.

“கப்பல் நல்லா ஓடுது,” என்றார். “ஆனா எல்லா ஊர்லயும் ஒரே நீலக் கூரை ஹோட்டலாக் கட்டி வச்சிருக்கானுங்க. எஞ்சினியருக்கு மூளையே கிடையாது.”

பதினோராவது முறையாக அந்த ஹோட்டலைக் கடந்தபோது மணி மூன்று. ஐயா ஆட்டுத்தலையிலிருந்து ஒரு காதை அறுத்து பெர்மெத்திடம் நீட்டினார்.

“இந்தா புள்ள. சின்னவங்களுக்குக் காது. பெரியவங்க சொல்றதக் கேளு.”

அவள் மென்றாள். “கேக்கறேன் ஐயா. வாசல் மாறினா தோரும் மாறுமா?”

“பின்ன? வாசலுக்கு எதிர்முனைதான் தோர். வாசல்கிட்ட மாப்பிள்ளையும் நாயும்தான் உக்காரும்.”

பெர்மெத் எழுந்தாள். சாவிக்கொத்து அன்றைய தலைவியின் இடுப்பில்தான் இருக்கும். பின்கதவின் பூட்டு துருப்பிடித்திருந்தது. உலுக்பெக் தட்டிலிருந்த கொழுப்பைத் தடவினான். கதவு திறந்து ஐயாவின் முழங்காலில் இடித்தது.

“என்ன இது?”

“வாசல், ஐயா.”

அவர் கதவைப் பார்த்தார். தாம் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“எண்பத்திரண்டு வயசுக்காரன வாசப்படியிலயா உக்கார வச்சீங்க? மானங்கெட்டவனுங்களா!”

கெமெல் நோட்டுப்புத்தகத்தின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“தப்புதான் ஐயா. உங்க இடம் முன்னாடி இருக்கு,” என்றாள் பெர்மெத்.

யாரும் எழுப்பாமல் அவரே எழுந்தார். சுக்கான் கட்டை துள்ளியது. பெர்மெத் சைகை காட்ட, நான் தாவிப் பிடித்தேன். ஐயா ஆட்டுத்தலையைத் தட்டோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அறைக்குள் நுழைந்தார். பெர்மெத் பின்னால் போனாள். முன்கதவருகே அவர் நின்றுவிட்டார்.

“இதுவும் திறந்திருக்கே. அப்போ இந்தப் பக்கமும் வாசல்தானே?”

“நீங்க வெளிய போற வரைக்கும்தான் ஐயா.”

அவர் யோசித்தார். சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும். நிலைப்படியைத் தாண்டி முன்முனைக்கு நடந்தார்.

பெர்மெத் முன்கதவைச் சாத்திப் பூட்டினாள்.